வாறன் எண்டால் எப்ப?

"வன்?" எண்டு கேட்டார் ஹெர் லூத்தி.

அவர் நிண்டது உடுப்புத் தோய்க்கிற அறை வாசலில. எங்கட கட்டிடத்துக்குக் கீழ, நிலத்துக்குள்ள இருக்கிற அறை அது. ஒரு கையில அறைத் திறப்பு, மற்றக் கையில மணிக்கூடு. நான் உடுப்புக் கூடையை இடுப்பில இடுக்கிக்கொண்டு முதல் படியில காலை வைச்சிட்டன். கூடை நிறையப் பிள்ளையின்ர துணி. சவர்க்காரத் தூள் மணம் மூக்கை அரிச்சுது.

வன் எண்டால் ஜெர்மன் பாசையில 'எப்ப' எண்டு கருத்து. இப்ப தெரியும், அப்ப தெரியாது. விளங்காத பாசையில ஒருத்தர் கேள்வி கேட்டால் என்ன செய்யிறது? "யா, யா" எண்டு தலையாட்டிப்போட்டு விறுவிறெண்டு மேல ஏறிப் போட்டன்.

அந்த "யா, யா"வால வந்த கரைச்சலைச் சொல்ல முதல் ஒரு விசயம். போன கிழமைப் பத்தியில என்னைப் பீல் ரயில் நிலையத்தில குளிருக்குள்ள நிக்க விட்டிட்டு எழுத்தை நிப்பாட்டிப் போட்டனாம். ஒரு வாசகி போன் எடுத்து, "அக்கா, பிறகு உங்களை ஆர் வந்து கூட்டிக்கொண்டு போனது?" எண்டு உண்மையாவே கவலைப்பட்டுக் கேட்டா. வேற ஆர் தங்கச்சி, என்ர மனுசன்தான். ஆள் பிழையான மேடையில பூங்கொத்தோட நிண்டவர்.

ஊர் செய்யிற ஊர்

சுவிஸ் எண்டால் எனக்குக் கலண்டரில கண்ட படம்தான். மலை, பனி, கழுத்தில மணி கட்டின மாடு. இவர் என்னைக் கூட்டிக்கொண்டு போன தெருவில மலையுமில்லை, மாடுமில்லை. தெரு முடியிற இடத்தில ஒரு பெரிய தொழிற்சாலை, அரைவாசிக் கண்ணாடி உடைஞ்சபடி. அதுக்கு இங்கால பூட்டின கடையள். ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால உடுப்பில்லாத பொம்மை ஒண்டு மட்டும் தனிய நிண்டுது.

"இதோ சுவிஸ்?" எண்டு கேட்டன்.

"இதுவும் சுவிஸ்தான் அப்பா" எண்டார் இவர்.

பீல் மணிக்கூட்டுக்குப் பேர்போன நகரம். ஒரு காலத்தில வீட்டுக்கு வீடு மணிக்கூட்டு வேலைதானாம். நான் வந்த நேரம் ஒவ்வொரு தொழிற்சாலையாப் பூட்டிக்கொண்டு வந்தினம். இவர் கன வருசம் ரெஸ்ரோரண்ட் குசினியில கோப்பை கழுவிப்போட்டு, அப்பதான் மணிக்கூட்டுக் கூடு மினுக்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில வேலை எடுத்திருந்தார். அதில அவருக்குச் சரியான பெருமை. பின்னேரம் வந்து கையை நீட்டுவார். நகத்துக்குள்ள பச்சையா மினுக்குப் பசை இருக்கும், எத்தினைதரம் கழுவினாலும் மணம் போகாது.

ஜெர்மனில மணிக்கூட்டுக்கு 'ஊர்' எண்டு பேர். நேரம் கேட்டாலும் அதே 'ஊர்'தான். இது தெரியாமல் வந்த புதிசில ஒருநாள் பஸ் நிலையத்தில நிக்கிறன், ஒரு வெள்ளைக்கார அம்மா கிட்ட வந்து என்னவோ கேட்டுக் கடைசியில "ஊர்?" எண்டு முடிச்சா. எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. ஒரு சீவனாவது என்ர ஊரைக் கேக்குதே எண்டு, "யாழ்ப்பாணம்!" எண்டு சந்தோசமாச் சொன்னன்.

அவா தன்ர வெறுங்கையைப் பாத்தா, என்னைப் பாத்தா, பேசாமல் தள்ளிப் போய் நிண்டிட்டா.

முருங்கைக்காய்ச் சக்கை

அந்த ஊரில எனக்குப் பிடிச்சது எண்டு ஒண்டுமே இருக்கேல்லை. ரெண்டு பாசை ஊர் அது, பாதிச் சனம் ஜெர்மன், பாதிச் சனம் பிரெஞ்ச். வகுப்புக்குப் போய் நாக்கு நோகப் பாடமாக்கின ஜெர்மனைப் பாண்கடையில கொண்டுபோய் இறக்கினால், அங்க நிக்கிற பெட்டை பிரெஞ்சில மறுமொழி சொல்லும். அடுத்த நாள் ஒரு பிரெஞ்சுச் சொல்லைப் பிடிச்சுக்கொண்டு போனால், வேற பெட்டை நிண்டு ஜெர்மனில கேக்கும். கடைசியில விரலால காட்டித்தான் பாண் வாங்கினன்.

ஞாயிற்றுக்கிழமை எண்டால் செத்தவீடு மாதிரி. உடுப்புத் தோய்க்கக் கூடாது, போத்தல் எறியக் கூடாது, சுவரில ஆணி அடிக்கக் கூடாது. குப்பையெண்டால் நகரசபையின்ர பையிலதான் கட்டி வைக்க வேணும். எனக்கு அது தெரியாது. கடைப் பையில கட்டி வைச்சன். பின்னேரம் அந்தப் பை எங்கட கதவடியில வந்து இருக்கு!

கொண்டுவந்து வைச்சவர் ஹெர் லூத்தி. கட்டிடத்தைப் பாத்துக்கொள்ளுற மனுசன், அப்வார்ட் எண்டு சொல்லுவினம். நெட்டையான ஆள், நரைச்ச மீசை, நீலக் கோட்டு, சட்டைப் பையில எப்பவும் ஒரு பென்சில்.

"எங்கட பை எண்டு இந்த ஆளுக்கு எப்பிடித் தெரிஞ்சது?" எண்டு நான் கொதிச்சன்.

இவர் பையைத் திறந்து பாத்திட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். "இஞ்சாரும், இந்தக் கட்டிடத்தில முருங்கைக்காய் சப்பிறது வேற ஆர்?"

போன் கதைச்சாலும் பிரச்சினை. என்ர அக்கா ஓர்லிகோன் எண்ட வேற ஊரில இருந்து எடுப்பா. அவா சொல்லச் சொல்ல நான் "ஓம்... ஓம்... ஓம்..." எண்டு கேட்டுக்கொண்டிருப்பன். கீழ் வீட்டு மனுசி ஒருநாள் படியில மறிச்சு, யோகா வகுப்பு எப்ப, தானும் சேரலாமோ எண்டு கேட்டா.

அக்காவின்ர கதையெல்லாம் ஒரே கதைதான். "இஞ்ச கடையில பச்சைக் கத்தரிக்காய் வந்திருக்கு. பக்கத்து வீடும் தமிழ். நீ ஏன் அந்தப் பாழடைஞ்ச ஊரில கிடக்கிறாய்?" போனை வைச்சிட்டு அழுவன். இவரிட்டக் கேட்டால், "வேலை இஞ்ச இருக்கு அப்பா, என்ன செய்யிறது?" எண்டுவார்.

அப்பதான் ஒரு சபதம் போட்டன். எங்க போனாலும் எங்கட வாயில 'போறன்' எண்டு வராது. சாமான் வாங்கக் கடைக்கு வெளிக்கிட்டாலும் வாறன்தான், கடல் கடந்து வெளிக்கிட்டாலும் வாறன்தான். ஆனால் இந்தப் பீலை விட்டு வெளிக்கிடுற நாளில நான் வாறன் எண்டு சொல்லமாட்டன். தெருவில நிண்டு, கேக்கிற மாதிரிப் 'போறன்' எண்டு சொல்லுவன். சொல்லிப்போட்டுத் திரும்பியும் பாக்கமாட்டன்.

காத்துக்கொண்டு நிண்ட மனுசன்

இனி அந்த வியாழக்கிழமைக்கு வாறன்.

கட்டிடம் முழுக்கவும் ஒரு மெசின்தான். எங்களுக்கு வியாழக்கிழமை. தோய்ச்சு முடிஞ்சால் மெசினைத் துடைச்சு, நிலத்தைத் துடைச்சு, திறப்பைக் குடுக்க வேணும். நான் எல்லாம் முடிச்சிட்டன் எண்டு நினைச்சன். லூத்தி வந்து குனிஞ்சு பாத்து, மூலையில நிக்கிற தண்ணியைக் காட்டி என்னவோ சொல்லுறார். அந்த நேரம் பாத்து மேல பிள்ளை வீரிட்டு அழுகுது. இவர் படியில நிண்டு, "இஞ்சாரும், கெதியா வாரும்!" எண்டு கத்திறார்.

நான் என்ன செய்ய? சொல்லாமல் கொள்ளாமல் போறது மரியாதையில்லை. எனக்குத் தெரிஞ்ச ஜெர்மனில, "இஷ் கொம்ம" எண்டு சொல்லி வெளிக்கிட்டன். நான் வாறன். அப்பதான் அவர் "வன்?" எண்டு கேட்டதும், நான் "யா, யா" எண்டதும்.

பிள்ளைக்குப் பால் குடுத்து, நித்திரையாக்கி, நானும் ஒரு கோழித்தூக்கம் போட்டன். மணி அடிக்குது. கதவைத் திறந்தால் லூத்தி, முகம் தக்காளிப்பழமாச் சிவந்திருக்கு. கையில நிலம் துடைக்கிற துணி. இவ்வளவு நேரமும் கீழ எனக்காகக் காத்துக்கொண்டு நிண்டிருக்கிறார்!

அவர் படபடவெண்டு கதைக்க, இவர் கேட்டுப்போட்டு என்னைத் திரும்பிப் பாத்தார்.

"நீர் இவரிட்ட என்ன சொன்னனீர்?"

"வாறன் எண்டு சொன்னனான்."

"ஏன் வாறன் எண்டு சொன்னனீர்?"

"போறதுக்கு!"

இவருக்குச் சிரிப்பை அடக்க ஏலேல்லை. அடக்கி அடக்கி, தனக்குத் தெரிஞ்ச ஜெர்மனில விளங்கப்படுத்தினார். எங்கட ஆக்கள் போகேக்க, போறன் எண்டு சொல்லாயினம், வாறன் எண்டுதான் சொல்லுவினம், அதுதான் மரியாதை.

லூத்தி கேட்டார், "அப்ப உண்மையா வரேக்க என்ன சொல்லுவியள்?"

"அப்பவும் வாறன்தான்."

"அப்ப வாறதையும் போறதையும் எப்பிடிப் பிரிச்சு அறியிறது?"

"முகத்தைப் பாத்தால் தெரியும்" எண்டார் இவர்.

லூத்தி என்ர முகத்தைப் பாத்தார். நித்திரைத் தூக்கத்தில கண் வீங்கி, தலை விரிச்சபடி நிக்கிறன். துணியை என்ர கையில தந்திட்டுப் போட்டார்.

அடுத்த வியாழன் துடைச்சு முடிச்சு, திறப்பைக் குடுத்து, பழக்கதோசத்தில "இஷ் கொம்ம" எண்டு சொல்லி நாக்கைக் கடிச்சன். லூத்தி மணிக்கூட்டைப் பாத்தார். முகத்தில ஒரு சிரிப்பும் இல்லை.

"வன்?" எண்டார்.

மீசை மட்டும் கொஞ்சம் ஆடிச்சுது. அண்டையில இருந்து அது எங்களுக்குள்ள பகிடியாப்போச்சு. படியில, வாசலில, குப்பை வைக்கிற இடத்தில, எங்க கண்டு பிரிஞ்சாலும் நான் "இஷ் கொம்ம" எண்டுவன், அவர் "வன்?" எண்டுவார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து துணியெல்லாம் பழுதான ஒருநாள், கேக்காமலே அறைத் திறப்பைக் கொண்டுவந்து எங்கட கதவில கொழுவிப்போட்டுப் போனார். அண்டைக்கு வேற வீட்டுக்காரரின்ர முறை.

என்ர மகள் கதைக்கத் தொடங்கின நேரம் ஆர் வீட்டில இருந்து வெளிக்கிட்டு "வாறன்" எண்டாலும் "வன்?" எண்டு கேப்பாள். வாறனுக்கு மறுமொழி அதுதான் எண்டு அவளுக்கு நினைப்பு.

அம்மா பூட்டின கதவு

இதில ஒரு பழைய விசயம் வருகுது. எழுதாமல் விடலாம், ஆனால் கை கேக்குதில்லை.

நாங்கள் சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட நேரம், எல்லாரும் ஒழுங்கையில சைக்கிளோட நிக்கிறம். ஷெல் கிட்டக் கிட்ட விழுகுது. அம்மா கதவைப் பூட்டிப்போட்டு, பூட்டை ரெண்டுதரம் இழுத்துப் பாத்திட்டு, கதவில கையை வைச்சு "வாறம்" எண்டு சொன்னா. வீட்டுக்குச் சொன்னா. அப்பா, "ஆரோடயப்பா கதைக்கிறீர், வாரும்!" எண்டு பேசினார்.

திறப்பை அம்மா கன காலம் தாலிக்கொடியில கொழுவி வைச்சிருந்தவா. அந்த வீட்டுக்கு நாங்கள் திரும்பிப் போகேல்லை. பிறகு போய்ப் பாத்த ஆக்கள், கதவு நிலைகூட இல்லை எண்டு சொல்லிச்சினம்.

எப்ப வாறம் எண்டு அம்மாவை அண்டைக்கு ஒருத்தரும் கேக்கேல்லை.

பூட்டின தொழிற்சாலையள்

மகள் பாலர் வகுப்புக்குப் போற வயது வந்த நேரம் இவற்ற தொழிற்சாலையும் பூட்டினது. எல்லாரையும் சாப்பாட்டு அறையில கூப்பிட்டு வைச்சுச் சொல்லிப் போட்டினமாம். இவர் வீட்டை வந்து சப்பாத்தைக் கழட்டாமல் கதிரையில இருந்தார். "இனி நகம் வெளிக்கும்" எண்டார். பகிடியாத்தான் சொல்ல வெளிக்கிட்டவர், நகத்தையே பாத்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த ஊரில வந்த கோவத்தில அரைவாசி அண்டைக்கு இவருக்காக வந்தது.

செய்தி கேட்டு லூத்தி மேல வந்தார். எங்கட வீட்டுக்குள்ள அவர் வந்து இருந்தது அதுதான் முதல்தரம். தேத்தண்ணி குடுத்தன். தெரு முடிவில இருக்கிற அந்தக் கண்ணாடி உடைஞ்ச தொழிற்சாலை இருக்கெல்லே, பதினாறு வயதில இருந்து தான் அதிலதான் வேலை செய்தது எண்டு சொன்னார். அது பூட்டினாப் பிறகுதான் இந்த நீலக் கோட்டுப் போட்டவராம். இண்டைக்கும் விடிய அந்தத் தொழிற்சாலைச் சங்கு ஊதின நேரத்துக்கு முழிப்பு வருமாம்.

"இந்தக் கட்டிடத்தில எத்தினை குடும்பத்திட்டத் திறப்பு வாங்கியிருப்பன்" எண்டார். "இத்தாலிக்காரர், ஸ்பெயின்காரர், எங்கட சுவிஸ் ஆக்கள். எல்லாரும் 'அவுஃப் வீடர்சேன்' எண்டுதான் சொல்லிப்போட்டுப் போவினம். திரும்பக் காணுவம் எண்டு. ஒருத்தரும் திரும்பக் காண வரேல்லை."

நான் அவற்ற கோப்பையில இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்தினன்.

ரெண்டு மாதம் போக அக்காவின்ர மனுசன், அதுதான் எங்கட அத்தான், போன் எடுத்தார். ஓர்லிகோனில இவருக்கு ஒரு கட்டிடப் பராமரிப்பு வேலை சரி, வீடும் பாத்தாச்சு, அக்கா வீட்டில இருந்து நடந்து போற தூரம். நான் எத்தினை வருசமாக் கேட்ட வரம்! துள்ளிக் குதிச்சிருக்க வேணும். குதிச்சனான்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அடுத்த நாள் பாண்கடைக்குப் போன நேரம், அந்தப் பெட்டை நான் விரல் நீட்ட முதலே என்ர பாணை எடுத்துப் பையில போட்டிட்டு "அடியோ மதாம்" எண்டாள், போயிட்டு வாங்கோ எண்டு. ஜெர்மனோ பிரெஞ்சோ எண்டு நான் யோசிக்கக்கூட இல்லை, என்ர வாயும் "அடியோ" எண்டு சொல்லிப்போட்டுது. ரோட்டில வரேக்கதான், இந்தக் கடையையும் விட்டிட்டுப் போகப்போறன் எண்டு உறைச்சுது.

மஞ்சள் கறை

இந்த நாட்டில வீடு விடுறது எண்டால் சோதினை எழுதுற மாதிரி. போறணை அடுப்பை உள்ளுக்குத் துடைக்க வேணும், பைப்பில சுண்ணாம்பு பிடிச்சிருக்கக் கூடாது, ஜன்னல் சட்டத்தில தூசி கூடாது. நானும் அக்காவும் மூண்டு நாள் நிண்டு உரஞ்சினம். அடுப்பை இழுத்தால் பின்னால ஒரு கைபிடி கடுகு. எல்லாம் போச்சு, குசினிச் சுவரில தாளிக்கிற இடத்தில பிடிச்ச மஞ்சள் கறை மட்டும் போகேல்லை. வினாகிரி போட்டன், எலுமிச்சங்காய் போட்டன், சாமியையும் கும்பிட்டன்.

சனிக்கிழமை லூத்தி வந்து ஒவ்வொரு அறையாப் பாத்தார். போறணைக்குள்ள தலையை விட்டுப் பாத்தார். பைப்பைத் தடவிப் பாத்தார். பிறகு அந்தச் சுவருக்கு முன்னால வந்து நிண்டார். இதுக்குக் காசு கட்டச் சொல்லுவார் எண்டு நினைச்சன். பென்சிலைக் கையில எடுத்தவர், கறையில விரலை வைச்சுப் பாத்திட்டு, பென்சிலைத் திருப்பிப் பைக்குள்ள வைச்சார்.

"அது கிடக்கட்டும்" எண்டார்.

கீழ அத்தானின்ர வானில சாமான் எல்லாம் ஏத்தியாச்சு. இவர் லூத்திக்குக் கை குடுத்து, திறப்பைக் குடுத்து, "அவுஃப் வீடர்சேன்" எண்டு சொல்லிப்போட்டுப் பிள்ளையோட ஏறினார். நான் மட்டும் வாசலில நிக்கிறன். என்ர சபதம் நாக்கு நுனியில நிக்குது. ஒரு சொல்லுத்தானே. பூட்டின கடையளுக்கும், செத்தவீட்டு ஞாயிறுக்கும், எனக்கு விளங்காத அந்த ரெண்டு பாசைக்கும் சேத்துச் சொல்ல வைச்சிருந்த சொல்லு.

வாயைத் திறந்தன். "இஷ் கொம்ம" எண்டுதான் வந்தது.

அவர் வழக்கம்போல மணிக்கூட்டைப் பாப்பார் எண்டு நிண்டன். பாக்கேல்லை. "வன்?" எண்டு கேப்பார் எண்டு நிண்டன். கேக்கேல்லை. தலையை மட்டும் ஆட்டினார். கையில எங்கட திறப்பு. பிள்ளை வானுக்குள்ள இருந்து, "வன்? வன்?" எண்டு கத்திறாள். அவர் அதுக்கும் சிரிக்கேல்லை. திரும்பிப் படியில இறங்கத் தொடங்கிட்டார்.

நான் வானில ஏறி இருந்தன். அத்தான் வானை எடுத்து, அந்த உடைஞ்ச கண்ணாடித் தொழிற்சாலை மட்டும் போயிருப்பம். எனக்கு அம்மாவின்ர கை கதவில இருந்தது கண்ணுக்கு முன்னால வந்திட்டுது. நாள் சொல்லாத 'வாறம்' ஒண்டைச் சொல்லிப்போட்டு வந்த ஆக்கள் நாங்கள். திரும்பவும் அப்பிடிச் சொல்லிப்போட்டுப் போக என்னால ஏலாது.

"அத்தான், நிப்பாட்டுங்கோ!"

"என்ன பிள்ளை, எதையும் விட்டிட்டு வந்திட்டியோ?"

இறங்கி ஓடினன். கட்டிடக் கதவைத் தள்ளி, கீழ படியில இறங்கினால், லூத்தி உடுப்புத் தோய்க்கிற அறையில தனிய நிக்கிறார். நான் மூச்சு வாங்க வாங்கச் சொன்னன், "டொனஸ்டாக்." வியாழக்கிழமை. என்ர முறை நாள்.

மனுசன் கண் கலங்கினதை மறைக்க மீசையைத் தடவினார். பிறகு மெல்ல மணிக்கூட்டுக் கையைத் தூக்கி, "உம் வீஃபில் ஊர்?" எண்டு கேட்டார்.

எத்தினை மணிக்கு எண்டு. பத்துக்கு எண்டு சொன்னன். சொன்ன மாதிரியே வியாழக்கிழமை பத்துக்கு, வடைப் பெட்டியும் பிள்ளையுமா அந்த வாசலில போய் நிண்டன். ஆனால் அண்டைக்கு, அந்த நிலவறையில, என்ர காதில நிண்டது அவற்ற கேள்வியின்ர கடைசிச் சொல்லு மட்டும்தான், "ஊர்?" எண்டு. இந்த முறை யாழ்ப்பாணம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை.